தலையில் அடிபட்டவரின் வீட்டார்

திருகோணமலை
16.01.2025

அன்பு மருமகள் தனுஷிகாவுக்கு, மாமா குணரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் கடலும் சுகம். அங்கு நீயும் குளிரும் சண்டை சச்சரவில்லாமல் இருக்கிறீர்களா?

இப்போது நான் சொல்லப்போவதை இந்தத் தீவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். கோணேசர் மலையில் ஏறி நின்று சூடம் கொளுத்திச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். நீ நம்புவாய் என்று நானும் நம்பவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: இந்தக் கிழமை மட்டும் நான் நாலு தரம் செத்தேன்.

முதல் தரம் மாரடைப்பு. அடுத்தது பாம்பு. பிறகு லொறி. கடைசித் தரம் என்ன வருத்தம் என்று டொக்டர்மாருக்கே தெரியாது. அது நானாகக் கண்டுபிடித்தது.

விஷயம் இதுதான். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் வெள்ளைக்காரக் கூட்டாளிகள் சம்பளமில்லாமல் வந்து எங்கள் டொக்டர்மாருக்கும் தாதிமாருக்கும் அவசர சிகிச்சை பழக்குகிறார்களே, அவர்களுக்கு நோயாளி வேடம் போட ஆட்கள் தேவைப்பட்டிருக்கிறது. இறங்குதுறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் ஹிஸ்புல்லாவிடம் விசாரித்திருக்கிறார்கள். அவன் என்னைக் காட்டி, "இவர எடுங்க. ஒரு தும்மலுக்கே கிழமைக்கணக்கா ஒப்பாரி வைக்கிற மனிசன்" என்றான். பிரித்தானிய அரசின் விசேட தூதுக்குழு என் வாசல் படலையடியில் வந்து மண்டியிட்டது என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். உன்னைக் கேட்டால் நீயும் அப்படியே சொல்.

முதல் நாள் பயிற்சி மண்டபத்தில் கட்டிலில் படுத்துக்கொண்டு, வருகிற டொக்டர்மாரை ஒவ்வொருவராகப் பார்த்தேன். தலைவி றோஸ்மேரி வந்தார், பனைமர உயரம். பின்னால் இன்னும் சிலர். நீயும் அவர்களோடு வருவதாகத்தானே சொல்லியிருந்தாய்? கடைசி ஆள் உள்ளே வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மாரடைப்பைத் தொடங்கினேன்.

அதற்காக நீ ஒன்றும் யோசிக்காதே. என் கூடப்பிறந்தவள், உன் அம்மா, கண்ணை மூடியபிறகு இந்த வீடு வெறிச்சோடிக் கிடக்கும் என்று நினைப்பாய். வெறிச்சா? மேல்மாடியில் வாடகைக்கு வந்த கதிரவேல் குடும்பம் அப்படியே இருக்கிறது. போதாததற்கு அவர்களின் சொந்தக்காரர், சொந்தக்காரரின் சொந்தக்காரர். காலையில் குளியலறைக்குப் போடும் வரிசை படலையைத் தாண்டி றோட்டுக்குப் போகிறது. பொங்கலுக்கு வைத்த பானையில் ஒரு யானை இறங்கிக் குளித்திருக்கலாம்.

இதையெல்லாம் ஏன் ரெலிபோனில் சொல்லவில்லை என்று கேட்பாய். ரெலிபோனில் நான் வாயைத் திறந்தால், "ஓம் மாமா, ஓம் மாமா, டியூட்டிக்கு நேரமாச்சு" என்று வெட்டுவாய். கடிதத்தை வெட்ட ஏலாது.

இப்படிக்கு,
மூதூர் லாஞ்சிப் படகின் ஓய்வுபெற்ற பெருந்தளபதி
(ரிக்கற் கிழித்தவன் என்று சொல்பவர்கள் பொறாமைக்காரர்),
உன் மாமா குணரத்தினம்


லீட்ஸ்
05.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது வாசித்தேன். தனியாகச் சிரித்ததால் பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு இடத்துக்குப் போய்விட்டார். நான் சுகம். இருமல் கொஞ்சம் இருக்கிறது.

வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் விட்டதற்குக் கோபிக்க வேண்டாம். லீவு கிடைக்கவில்லை. இங்கிருந்தபடியே என்னால் முடிந்ததைச் செய்கிறேன். பயிற்சியில் வரும் நோயாளிகளின் கதைகளை நான்தான் எழுதி அனுப்புகிறேன். என்ன வயது, என்ன வருத்தம், டொக்டர் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம். நீங்களே வந்து அதற்கு உயிர் கொடுப்பீர்கள் என்று கனவிலும் நினைக்கவில்லை. தயவுசெய்து எழுதியதை மட்டும் சொல்லுங்கள் மாமா. புது வருத்தம் கண்டுபிடிக்க வேண்டாம்.

வீடு நிறைய ஆட்கள் என்று வாசித்ததும் ஒரு பாரம் இறங்கியது. அம்மாவின் செத்தவீட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தபோது, எல்லோரும் போனபிறகு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றுதான் யோசித்தேன். இனி யோசிக்கமாட்டேன்.

யூன் மாதத்தில் அடுத்த குழு வரும். பார்ப்போம்.

மாத்திரையை மறக்காமல் எடுங்கள்.

அன்புடன்,
தனுஷிகா


திருகோணமலை
26.02.2025

பவுணாய் விளைந்த மருமகளுக்கு, மாமா எழுதுவது. என் சுகத்தை நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சுகமே என்னைப் பார்த்துப் பொறாமையில் மெலிந்துவிட்டது. உன் இருமலுக்கு மல்லித் தண்ணி குடி.

நேற்று றோஸ்மேரியும் கூட்டமும் பறந்துவிட்டார்கள். வழியனுப்ப உட்துறைமுகத்துத் திமிங்கிலங்கள் வரிசையில் நின்று தண்ணீர் பீச்சின. கோட்டைவாசல் மான்கள் எல்லாம் முன்னங்கால் மடித்து வணங்கின. ஒரு மான் மட்டும் வணங்கவில்லை. அது றோஸ்மேரியின் தொப்பியைத் தின்றுகொண்டிருந்தது.

இந்தத் தொழிலைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டும். கட்டிலில் படுத்தால் போதும், படித்த பிள்ளைகள் சுற்றிநின்று, "எங்க நோகுது ஐயா? எப்ப தொடங்கினது? மூச்சு விடக் கஷ்டமா?" என்று கேட்கிறார்கள். கையைப் பிடித்து நாடி பார்க்கிறார்கள். நெற்றியில் கைவைக்கிறார்கள். நோயாளியாக இருப்பது இவ்வளவு உயர்ந்த பதவி என்று தெரிந்திருந்தால் லாஞ்சியில் ஏன் காலத்தைக் கழித்தேன்?

எல்லாக் கேள்வியும் எனக்குப் பிடிக்கும். ஒரு கேள்விதான் கரைச்சல். முடிகிற நேரத்தில், "வீட்ட உங்களோட ஆர் இருக்கினம்?" என்று கேட்பார்கள். சும்மா வாயில் வந்ததைச் சொல்வேன். மாரடைப்பு வந்த அன்று எனக்கு நாலு ஆம்பிளைப் பிள்ளைகள். இரண்டாம் தரம் பாம்பு கடித்த அன்று ஒரு மனைவியும் அவளுடைய தாயும். ஆண் தாதி நிலக்சன் எழுதுவதை நிறுத்திவிட்டு, "ஐயா, போன கிழமை நீங்கள் கலியாணமே கட்டேல்லை எண்டனீங்கள்!" என்றான். "தம்பி, பாம்பு கடிச்சதிலைதான் கட்டினது ஞாபகம் வந்தது" என்றேன். மண்டபமே விழுந்து சிரித்தது.

கிண்ணியாவிலிருந்து வரும் டொக்டர் பஸ்னா மட்டும் சிரித்துவிட்டுப் போய்விடமாட்டாள். மற்றவர்கள் தேத்தண்ணிக்கு ஓடினபிறகு என்னைக் கைபிடித்து எழுப்பி, "ஐயா, எழும்புங்க. உங்கட உயிர் திரும்பி வந்திட்டு" என்பாள். வெள்ளைக்காரர் நிரந்தரமாக இங்கே இருக்கமாட்டார்கள். அவர்கள் போனபின் மற்றவர்களுக்குப் பழக்குவதற்கு உள்ளூரில் சிலரைத் தெரிவுசெய்யப் போகிறார்களாம். அந்தப் பிள்ளைக்கு அதில்தான் உயிர். யூனில் பரீட்சை.

யூனில் நீ வருவாய் என்று ஹிஸ்புல்லாவிடம் சொல்லிவிட்டேன். வராவிட்டாலும் குறையில்லை. வீட்டில் கால் வைக்க இடமில்லை. வந்தால் நீ கூரையில்தான் படுக்க வேண்டும்.

இப்படிக்கு,
மரணத்தை வென்ற மாமா


லீட்ஸ்
08.04.2025

அன்புள்ள மாமாவுக்கு,

பதில் எழுதச் சுணங்கிவிட்டது. இருமல் போய்விட்டது. நீங்கள் சுகம்தானே?

யூன் குழுவிலும் நான் இல்லை. இந்த முறையும் லீவு சரிவரவில்லை. றோஸ்மேரியிடம் உங்களுக்கு ஒரு கம்பளிப் போர்வை கொடுத்துவிடுகிறேன். திருகோணமலையில் எதற்குக் கம்பளி என்று கேட்க வேண்டாம். கடையில் பார்த்தபோது வாங்கத் தோன்றியது.

ஒரு விஷயம். கதிரவேல் அண்ணையின் மகள் ரொறன்ரோவிலிருந்து படம் அனுப்பியிருந்தாள். அண்ணை, அக்கா எல்லோரும் பனிக்குள் நிற்கிறார்கள். அங்கேயே வந்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறாள். உங்கள் கடிதத்தில் அவர்கள் மேல்மாடியில் இருக்கிறார்களே?

புத்தாண்டு வாழ்த்துகள்.

அன்புடன்,
தனுஷிகா


திருகோணமலை
29.04.2025

துப்பறியும் திலகம் தனுஷிகாவுக்கு, மாமா எழுதுவது. சுகம். வெயில்தான் சுகமில்லை, அதுவே களைத்துப்போய் எங்கள் மாமர நிழலில் வந்து படுக்கிறது.

கதிரவேல் விஷயம் கேட்டிருந்தாய். கனடாவுக்குப் போனது அந்தக் குடும்பத்தின் ஒரு சிறு கிளை. அடிமரம் இங்கேதான். கதிரவேலைப் போலவே அச்சொட்டாக ஒரு தம்பி இருக்கிறார், அவரும் தன்னைக் கதிரவேல் என்றுதான் சொல்கிறார். நான் யார் மறுக்க? அவர் மனைவி பிட்டு அவிக்கத் தொடங்கினால் ஆவியில் துறைமுகம் மறைந்து, கப்பல்கள் சங்கு ஊதிக்கொண்டு வருகின்றன. ஆகவே நீ ஒன்றும் யோசிக்காதே.

மண்டபத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். போகிற வழியில் ஒருக்கா எட்டிப் பார்ப்பேன். நான் எங்கே போனாலும் அது போகிற வழியில்தான் இருக்கிறது. ஹிஸ்புல்லா தினமும், "என்ன குணம் அண்ணே, இண்டைக்கு மௌத்து இல்லையா?" என்று என் சாவை விசாரிக்கிறான். "தொழில் படுத்திட்டுது" என்கிறேன்.

கம்பளியை அனுப்பு. வீட்டில் இருக்கிற சனத்துக்கு ஒன்று போதாது. பரவாயில்லை, முறை வைத்துப் போர்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
பெருங்குடும்பத்தின் காவலன்,
மாமா


திருகோணமலை
22.06.2025

வெற்றித் திருமகளுக்கு, அவளிலும் வெற்றி பெற்ற மாமா எழுதுவது. நான் சுகம், கம்பளியும் சுகம்.

பரீட்சை முடிந்தது. உன் மாமாவுக்கு விசேட பாத்திரம். அறுபத்தெட்டு வயது ஆண். குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடி. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர். றோஸ்மேரிக்கு மொழிபெயர்க்கும் டொக்டர் இன்ஷாப் எனக்கு இதைத் தமிழில் சொல்லித்தந்தபோது எழும்பி உட்கார்ந்துவிட்டேன். "ஆரப்பா இவன்? என்ரை வயசையும் குளியலறையையும் களவெடுத்தவன்?" என்று கேட்டேன். போன வருடம் எங்கள் குளியலறைத் தரை என்னைக் கொலைசெய்யப் பார்த்த கதையை உனக்கு ரெலிபோனில் சொன்னேனே, அதே கதை. உலகத்தில் எத்தனை குளியலறைகள், எத்தனை எதிரிகள்!

பஸ்னாதான் வந்தாள். றோஸ்மேரி மட்டும் கதிரையில் இருந்து பார்த்தார். தமிழ் விளங்காது, ஆனாலும் தலையாட்டினார். இன்ஷாப் அடுத்த அறையில் வேறொரு நோயாளியோடு. நான் முனகிய முனகலில் சீனக்குடாவில் விமானம் இறங்கப் பயந்ததாம். அந்தப் பிள்ளை ஒன்றையும் விடாமல் கேட்டாள். மாத்திரையைக் கண்டுபிடித்தாள். ஸ்கான் எடுக்கச் சொன்னாள். ஸ்கானில் ஒன்றுமில்லை என்று றோஸ்மேரி காட்டினார். கடைசியில் கேட்டாள், "ஐயா, வீட்ட உங்களோட யாரு இருக்காங்க?"

இதற்கு இந்த நோயாளி என்ன சொல்ல வேண்டும் என்று இன்ஷாப் சொல்லித்தந்திருந்தார். ஆனால் வாயைத் திறந்தபோது கதிரவேல் குடும்பம் முழுதும் வந்து வாயில் நின்றது. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள், சமையலுக்கு ஒரு ஆள். "ராத்திரி முழுக்கப் பக்கத்தில இருந்து பார்ப்பாங்களா?" என்றாள். "பார்ப்பினமோ? முறை வச்சுப் பார்ப்பினம்!" என்றேன். அவள் சந்தோஷமாக என்னை வீட்டுக்குப் போகச் சொன்னாள்.

எப்படி நடிப்பு?

நீ ஏன் வரவில்லை என்று ஹிஸ்புல்லா கேட்டான். நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கலையுலகின் கலங்கரை விளக்கு,
மாமா


லீட்ஸ்
14.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுகம்.

டொக்டர் பஸ்னா அந்த நோயாளியில் சித்தியடையவில்லை. பழக்குபவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

தலையில் அடிபட்டு, அந்த மாத்திரையும் எடுக்கிறவருக்கு ஸ்கான் சரியாக இருந்தாலும், பிறகு இரத்தம் கசியலாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் அனுப்பலாம். தனியாக இருப்பவரை அனுப்பவே கூடாது, வைத்தியசாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தப் பரீட்சையே அந்த ஒரு கேள்விக்காகத்தான். "தனியாக இருக்கிறார்" என்று நான் எழுதியிருந்தேன். அவர் தனியாக இருக்கிறார், மாமா.

ஆட்கள் இருப்பதாக நோயாளி சொன்னார் என்று பஸ்னா சொன்னாராம். அப்படி இருக்காது, தான்தான் கவனிக்காமல் விட்டிருப்பேன் என்று பிறகு தானே சொல்லிவிட்டாராம். உங்களை யாரும் கேட்கவில்லை. றோஸ்மேரி செப்ரெம்பரில் கடைசித் தடவையாக வருகிறார்.

நான் கேட்கிறேன். நீங்கள் கடிதத்தில் எழுதியதைத்தான் அங்கும் சொன்னீர்களா?

தனுஷிகா


திருகோணமலை
10.08.2025

அன்பு தனுஷிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். இங்கே மழை இல்லை. மாத்திரை எடுக்கிறேன். ஹிஸ்புல்லா உன்னைச் சுகம் கேட்டான்.

வேறு விசேஷமில்லை.

மாமா


லீட்ஸ்
25.08.2025

அன்பு மாமா,

உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பி வாசித்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

ரெலிபோன் எடுத்தால் "சுகம், சுகம்" என்று வைத்துவிடுகிறீர்கள். இப்போது வெட்டுவது நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு உங்களைப் போலப் பொய் சொல்ல வராது. ஒரே ஒரு பொய்யைத்தான் இரண்டு தரம் சொன்னேன். லீவு கிடைக்கவில்லை என்று. நான் லீவு கேட்கவேயில்லை, மாமா. படலையைத் திறந்தால் குசினிக்குள் அம்மா இருக்கமாட்டா. அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. நீங்கள் வீடு நிறைய ஆட்கள் என்று எழுதினீர்கள். கதிரவேல் அண்ணை பனிக்குள் நிற்கும் படத்தைப் பார்த்தபிறகும் நான் அதை நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

பஸ்னா உங்களைத் தனி வீட்டுக்கு அனுப்பியது ஒரு தரம்தான். நான் இரண்டு தரம்.

உடம்பைக் கவனியுங்கள். எப்படியாவது எழுதுங்கள். பொய்யென்றாலும் எழுதுங்கள்.

தனு


திருகோணமலை
19.09.2025

என் பிள்ளைக்கு, மாமா எழுதுவது. நீ சுகமா? நான் எப்படியென்று கீழே சொல்கிறேன்.

கேள். நேற்று மண்டபத்தில் நடந்ததைப் போல இந்தத் துறைமுகம் தோன்றிய நாள் முதல் நடந்ததில்லை. நான் வேட்டியும் பட்டுச் சால்வையுமாகப் போனேன். காவலாளி தடுத்தான். என் பார்வையில் எரிந்து சாம்பலானான். சாம்பலைத் தாண்டி உள்ளே போய், றோஸ்மேரிக்கு முன்னால் நின்று, "நிறுத்துங்கள் விழாவை!" என்றேன். பழக்கப்போகிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். என் குரலுக்கு மின்விசிறிகள் நின்றன. கடற்படைக் கப்பல்கள் நங்கூரத்தை அறுத்துக்கொண்டு ஓடின.

டொக்டர் இன்ஷாப்பை மொழிபெயர்க்கச் சொன்னேன். "அண்டைக்கு டொக்டர் பஸ்னா கேட்க வேண்டியதைச் சரியாக் கேட்டவ. பிழையாச் சொன்னது நான். எனக்குச் சொல்லித்தந்தது வேறை, நான் சொன்னது வேறை." இன்ஷாப் அதை இங்கிலீசில் சொன்னார். றோஸ்மேரி ஏதோ கேட்டார். இன்ஷாப் என்னைப் பார்த்து, "ஏன் மாத்திச் சொன்னீங்க எண்டு கேக்கிறா" என்றார்.

அதற்கு நான் ஆற்றிய சொற்பொழிவில் கல்லும் உருகிற்று. கோணேசர் கோயில் மணி தானாக அடித்தது.

பிறகு றோஸ்மேரி அங்கேயே கட்டிலைப் போடச் சொன்னார். அதே நோயாளி, அதே குளியலறை. பஸ்னா வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் என்னோடு கோபமில்லை. முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள். மாத்திரை, ஸ்கான், எல்லாம். கடைசியில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போன முறை நின்றுகொண்டுதான் கேட்டாள். "ஐயா, வீட்ட உங்களோட யாரு இருக்காங்க?"

நான் மண்டபம் அதிர முழங்கினேன்: "ஒருத்தரும் இல்லை, மகள்!"

முழக்கத்தில் கூரை பறந்தது. வானத்தில் தேவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ்னா றோஸ்மேரியைத் திரும்பிப் பார்க்காமல் என் கையை எடுத்துக்கொண்டு, "அப்ப இண்டைக்கு உங்கள வீட்ட விடேலாது" என்றாள். அவளைப் பட்டியலில் சேர்த்தார்கள். தேவர்கள் பூமாரி பொழிந்தார்கள். மான்கள் வந்து பூவைத் தின்றன.

எல்லாரும் கைதட்டிவிட்டுத் தேத்தண்ணிக்குப் போனார்கள். பஸ்னா, "ஐயா, முடிஞ்சுது, எழும்புங்க" என்றாள். நான் கொஞ்ச நேரம் எழும்பவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.

உன் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறது. குசினியைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் அங்கே அதிகம் போவதில்லை. ஹிஸ்புல்லா கடையில் சாப்பிடுகிறேன். இரண்டு பேராகப் போனால் அந்தக் கதவைத் திறக்கலாம் என்று நினைக்கிறேன். லீவு கேட்டுப் பார்.

மற்றபடி, நான் பட்டுச் சால்வை போடவில்லை. காவலாளி சாம்பலாகவில்லை, "வாங்கோ ஐயா" என்று கதவைத் திறந்துவிட்டான். மணி அடிக்கவில்லை, பூமாரி பெய்யவில்லை. றோஸ்மேரி ஏன் என்று கேட்டபோது நான் சொற்பொழிவு ஆற்றவில்லை. இன்ஷாப் கொடுத்த தண்ணீரைத்தான் குடித்தேன். முழங்கவும் இல்லை. பஸ்னா குனிந்து காதைக் கிட்டக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆனால் அவள் காதில் சொன்னது உண்மை. வீட்டில் ஒருத்தரும் இல்லை.

மாமா